ஆய்வேட்டின் பழைய வடிவங்களை இழக்காமல் சேமிப்பது எப்படி?

தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவதாகவும், 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள் குவிந்து எது கடைசி என்றே தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

'இறுதி' என்ற சொல்லையே கோப்புப் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் வையுங்கள்: '2025-03-09 இயல்2 குறுக்குத்துறை'. பெயர்ப்படி அடுக்கினாலே கால வரிசையும் தானாக அமைந்துவிடும். ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் சுழியம் போட மறக்காதீர்கள்.

தினமும் எழுத உட்காரும்போது நேற்றைய கோப்பைத் திறந்து, இன்றைய தேதியிட்டு வேறு பெயரில் சேமித்த பிறகே முதல் வரியைத் தொடுங்கள். நேற்று நீங்கள் வெட்டிய பத்தி அடுத்த மாதம் தேவைப்படும், நிச்சயம் தேவைப்படும். கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு இதைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் (Git), 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது; நிரல் எழுதுவோருக்கு அருமையான கருவி. வேர்டு கோப்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஆனால் பத்து வடிவங்களும் ஒரே கணினியில் இருந்தால் அவை ஒரே பிரதிதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கணினியும், பாதுகாப்புக்கென்று அதன் அருகிலேயே வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் சேற்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. தென்காசியில் அக்கா வீட்டு அலமாரியில் இருந்த பென் டிரைவ்தான் என் நேர்காணல்களைக் காப்பாற்றியது. ஒரு பிரதியை இணையச் சேமிப்பிலும், இன்னொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். மாதம் ஒருமுறை அவற்றைத் திறந்து, கோப்பு உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள்.