பவுன்ஸ் ஆனால் ஜெயில் என்று நம்பிக் காசோலையை வங்கியில் போடாதீர்கள்

கேள்வி: அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். என் அப்பா ஊத்துக்கோட்டை அருகே இரண்டரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் வைக்கிறார். ஆறு வருடங்களாகக் கோயம்பேட்டில் ஒரே கமிஷன் கடைக்குத்தான் சரக்கு போகிறது. கிலோ 40 ரூபாய்க்கு விற்ற நாளில் 24 என்று எழுதித் தருவார்கள். அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குக் கூலி, கழிவு எல்லாம் பிடிப்பார்கள். நின்றுபோன பாக்கிக்கு நவம்பர் 24 தேதியிட்டு 6,40,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார் கடைக்காரர். ‘இப்போது வங்கியில் போட வேண்டாம்’ என்று சொல்லி டிசம்பரில் இரண்டு தடவையாக 50,000, 40,000 ரூபாயைப் போன் வழியாக அனுப்பினார். மீதியைப் பொங்கல் கழிந்து தருவதாக வாட்ஸ்அப்பில் செய்தியும் அனுப்பினார். பொங்கல் முடிந்து போய்க் கேட்டதற்கு, எழுபது வயது மனிதரைக் கூலியாட்கள் முன்னால் ஒருமையில் பேசி விரட்டிவிட்டார். முழுத் தொகைக்கும் காசோலையைப் போட்டுத் திரும்பி வந்தால் அவரை உள்ளே தள்ளலாம், வந்த 90,000 ரூபாயை வட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் என் நண்பர். விவசாயிக்கு நியாய விலை கிடைக்கச் சட்டமே இல்லையா? (இரண்டு வருடங்களுக்கு முன் போர்வெல் போட அதே கடைக்காரரிடம் 2 லட்சம் முன்பணம் வாங்கியபோது அப்பா ஒரு புரோநோட்டிலும் இரண்டு காசோலைகளிலும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.)

– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் நீதிமன்றத்துக்குத் தேவையில்லை. தேவையான இரண்டு விஷயங்களில் ஒன்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், மற்றொன்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள்.

முதலில் விலை விவகாரத்தை முடித்துவிடுகிறேன். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிப்பது 22 பயிர்களுக்கு, தனியாகக் கரும்புக்கு ஒரு விலை. கத்தரியும் வெண்டையும் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அது எழுத்தில் ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு. உங்களிடம் எழுத்தே கிடையாது. சந்தையின் நிர்வாகக் குழுவிடம் மனு கொடுக்கலாம், ஆனால் அது உங்கள் பாக்கியை வசூலித்துத் தராது. 40க்கு விற்று 24 எழுதினார் என்பதில் சட்டப்படி பிடித்துக்கொள்ள ஒரு நூலிழை இருக்கத்தான் செய்கிறது. கமிஷன் வாங்குகிறவர் உங்கள் முகவர்; ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவுப்படி கேட்டால் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். ஆனால் அந்த 40 ரூபாயை யார் வந்து சொல்வார்கள்? விடியற்காலை மூன்று மணிக்கு வாங்கிப்போன சில்லறை வியாபாரியா? அவர் நாளையும் அதே கடையில்தான் வாங்க வேண்டும். விட்டுவிடுங்கள்.

ஒருமையில் பேசியது எனக்கும் கோபத்தைத் தருகிறது. அதற்கு வழக்கு இல்லை. அந்தச் சண்டையை உங்கள் தம்பி படம் பிடித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எங்கும் போடாதீர்கள். அவதூறு வழக்குப் போட அவருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில்’ என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். காசோலை திரும்பினால் நோட்டீஸ் அனுப்ப 30 நாள், பணம் கட்ட அவருக்கு 15 நாள், பிறகு வழக்குப் போட ஒரு மாதம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் காசோலையை வங்கியில் போடும் நாளில் உங்களுக்கு உண்மையில் வரவேண்டிய தொகை எவ்வளவு? அதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். நவம்பர் 24 அன்று அது 6,40,000. இன்று 5,50,000. காசோலையில் எழுதியிருப்பதோ இன்னமும் 6,40,000.

2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் கதை அப்படியே இதுதான். 20 லட்சத்துக்குக் காசோலை. கொடுத்த பிறகு நாலு லட்சத்துச் சொச்சம் தவணையாக வந்து சேர்ந்தது. வாங்கியவர் அதைக் குறிக்காமல் முழு 20 லட்சத்துக்கும் காசோலையைப் போட்டார், திரும்பியது, வழக்குத் தொடுத்தார், தோற்றார். போட்ட நாளில் 20 லட்சம் கடன் இல்லை. எனவே காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி குற்றமும் இல்லை. இடையில் பணம் வந்திருந்தால் 56ஆம் பிரிவுப்படி காசோலையின் மேலேயே அதை வரவாகக் குறித்து, மீதித் தொகைக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் என்னிடம் ஒருவர் வந்தார். பூ வியாபாரத்தில் பாக்கி, 3 லட்சத்துக்குக் காசோலை, நடுவில் 20,000 ரூபாய் போனில் வந்திருந்தது. ‘அது வேறு கணக்கு சார்’ என்றார். வேறொரு வக்கீல் தொடுத்துவிட்ட வழக்கு, பாதியில் என் கைக்கு வந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய பாஸ்புத்தகத்தை நீட்டி, ‘இந்த 20,000 எதற்கு?’ என்று மட்டும் கேட்டார். கட்சிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவர் தன் வக்கீலின் முகத்தைப் பார்த்தாலே நீதிபதிக்குப் புரிந்துவிடும். இருபதாயிரத்துக்காக மூன்று லட்சம் போனது.

உங்கள் நிலைமை அவருடையதைவிட மோசம். வாட்ஸ்அப் செய்தியைத் துருப்புச் சீட்டு என்கிறீர்கள். 6.40க்குக் காசோலை கொடுத்திருக்கிறேன், அதில் 90 போட்டாயிற்று, மீதி பொங்கலுக்குப் பிறகு என்றுதானே அதில் இருக்கிறது? பாக்கி உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. அந்த 90 காசோலைக் கணக்கில் கழிந்துவிட்டது என்பதற்கும் அதே செய்திதான் சாட்சி. பணம் கொடுப்பவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அந்தக் கடனில்தான் வரவு வைக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 59ஆம் பிரிவு. வட்டி பேசாத இடத்தில் வட்டியாக எடுத்துக்கொள்ள வழியில்லை. நீங்கள் முழுத் தொகைக்குக் காசோலையைப் போட்டால், உங்கள் துருப்புச் சீட்டைத் தூக்கி முதலில் மேசைமேல் போடுகிறவர் அவருடைய வக்கீலாகத்தான் இருப்பார்.

நண்பர் எழுதித் தந்திருக்கும் நோட்டீஸையும் படித்தேன். காசோலைத் தொகை, விலை வித்தியாசம் 3 லட்சம், மன உளைச்சலுக்கு 5 லட்சம், எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகை. 138 நோட்டீஸில் கேட்கிற தொகை காசோலைத் தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு கோடிக் காசோலைக்கு 2 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியவர், அது தட்டச்சுப் பிழை என்றார். 2025இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உங்களுடையது பிழைகூட இல்லை, ஆத்திரம். கிழித்துப் போடுங்கள்.

சரி, 90,000 வரவு என்று காசோலையில் குறித்து 5,50,000க்குப் போட்டால் என்ன? சட்டத்தில் அதுதான் சரி. ஆனால் இன்று காசோலை ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை, அதன் படம்தான் போகிறது. மேலே கூடுதலாக ஏதாவது எழுதியிருந்தால் கவுன்டரிலேயே தயங்குவார்கள். பணம் இல்லை என்பது போன்ற, அவர் பக்கத்துக் காரணத்தால் திரும்பினால்தான் உங்களுக்கு வழக்கு உண்டு. எழுத்துக் கோளாறு என்று திரும்பினால் கையில் ஒன்றும் நிற்காது. கடைசி ஆயுதமாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். காசோலை செல்லுபடியாகும் மூன்று மாதக் கணக்கு பிப்ரவரி 23ஆம் தேதியோடு முடிகிறது. கடைக்காரருக்கும் அந்தத் தேதி தெரியும். மகளுக்கு நிச்சயம், கடையில் கணக்கு முடிக்க வேண்டும், மாசி பிறக்கட்டும் என்று அவர் இழுக்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தேதியை நோக்கித்தான்.

இப்போது அடைப்புக்குறி. என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். தேதி போடாத, தொகை எழுதாத, வட்டி எழுதாத புரோநோட்டு அவர் பெட்டியில் இருக்கிறது. கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள் என்று நீங்கள் ஆறுதல் அடைய முடியாது; தேதியையே அவர்தான் போடப் போகிறார். கையெழுத்திட்டு வெறுமையாகக் கொடுத்தால் நிரப்பிக்கொள்ள அனுமதி தந்ததாகவே செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெற்றுக் காசோலையும் அப்படித்தான்: கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், மற்றதை யார் நிரப்பியிருந்தாலும் கடன் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும் என்று 2019இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் வழக்குத் தொடுத்த அடுத்த வாரம் அந்த இரண்டு காசோலைகளும் வங்கிக்குப் போகும். பிறகு உங்கள் அப்பா ஊத்துக்கோட்டையில் புகார்தாரர், சென்னையில் எதிரி. எழுபது வயதில் கத்தரித் தோட்டத்தை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு பஸ் ஏற வேண்டும். நல்ல வழக்கைக் கையில் வைத்திருந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் கை தூக்கினார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

முன்பணத்தில் லோடுக்கு 500 ரூபாய் வீதம் பிடித்தார், 240 லோடு போயிருக்கிறது, 80,000தான் பாக்கி என்கிறீர்கள். ஆதாரமாக நீங்கள் அனுப்பிய சீட்டுகளைப் பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி, கீழே அப்பாவின் இனிஷியல், கத்தரி 11 மூட்டை, ஓரத்தில் பென்சிலில் ‘மு.ப. 500’. கடைப் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, வருடம்கூட இல்லை. அது யாருடைய சீட்டு என்று நிரூபிப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும்.

ஆகவே நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். அந்த 80,000 ரூபாயை அவர் கழித்துக்கொள்ளட்டும், வாதாடாதீர்கள். 4,70,000 ரூபாய்க்குக் கணக்கு முடியுங்கள். 1,70,000 உடனே வங்கிக் கணக்கில் வர வேண்டும். மீதிக்கு மாதம் ஒன்றாகத் தலா ஒரு லட்சத்துக்கு மூன்று புதிய காசோலைகள். தொகையைப் பிரித்து வாங்குவது எதற்கென்றால், ஒன்று திரும்பினாலும் மற்றவற்றின் கணக்குக் குழம்பாது. இனிமேல் போனில் சில்லறையாக அனுப்பினால் வாங்காதீர்கள். வந்துவிட்டால் அன்றைக்கே அந்தத் தொகையைக் கழித்து வேறு காசோலை கேளுங்கள்.

புரோநோட்டும் அப்பாவின் இரண்டு காசோலைகளும் அதே உட்காரலில், அதே மேசையில் திரும்பி வர வேண்டும். ‘பீரோ சாவி வீட்டில் இருக்கிறது, நாளைக்கு அனுப்புகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய 6,40,000 காசோலையை அதுவரை சட்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும், முன்பணம் தீர்ந்தது, வேறு பத்திரம் எதுவும் இல்லை என்று இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். வியாபாரிகள் சங்கத்தில் மூத்தவர் ஒருவரைச் சாட்சியாக உட்கார வையுங்கள். சந்தையில் கடை நடத்துகிறவருக்குச் சம்மனைவிடச் சங்கத்து ஆளின் முகம் பெரிது.

பேச்சுக்கு எல்லை பிப்ரவரி 10. அதைத் தாண்டினால் குறிப்பெழுதிய காசோலையை அப்பாவின் ஊத்துக்கோட்டைக் கணக்கிலேயே போடுங்கள். கணக்கு இருக்கும் கிளையின் எல்லையில்தான் வழக்கு நடக்கும், அங்கே அவர் அலையட்டும். எழுத்துக் கோளாறு என்று அதுவும் வீணானால் சிவில் வழக்கு மிச்சம். சரக்கு விற்பனைத் தகராறு 3 லட்சத்துக்கு மேல் போனால் வணிக வழக்கு என்று அவர் தரப்பு சொல்லும். அப்படியானால் வழக்குக்கு முன் சமரச மையத்துக்குப் போயே ஆக வேண்டும். கட்டணம் கட்டி அங்கே போய்ப் பேசப்போவதும் இதே கணக்கைத்தான்.

அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனை மாற்றாதீர்கள், தம்பிக்குக் கொடுக்காதீர்கள். படம் பிடித்து அச்சிட்ட தாள் மட்டும் போதாது, மின்னணு ஆவணங்களுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதற்குப் போன் வேண்டும். கடைக்காரருக்கு இனி நீங்களாக எந்தச் செய்தியும் அனுப்ப வேண்டாம், முக்கியமாக முன்பணத்தைப் பற்றி. அவருடைய செய்தியில் முன்பணம் என்ற சொல்லே இல்லை.

அப்பா தினசரி நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் மூட்டைக் கணக்கு எழுதி ஆணியில் குத்தி வைத்திருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அச்சிட்ட தேதியும் அவர் கையெழுத்தும் உள்ள தாள்கள். கடைச் சீட்டுகளைவிட அவை மேல். ஆணியிலிருந்து வரிசை மாறாமல் எடுத்து, ஒரு பையில் போட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.