ஊரே குறைசொல்லும் தலைவருக்கு வாக்கு குறையாதது ஏன்? – கேள்வி பதில்

செல்வாக்கு சரிந்துவிட்டதாக எல்லோரும் சொல்லும் ஒரு தலைவரைச் சில வாக்காளர்கள் மட்டும் ஏன் கைவிடுவதில்லை என்று புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை வாசகர்: ஐயா, டீக்கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் ஒரு தலைவரைத் திட்டாதவர்களே இல்லை. வாக்கு எண்ணும் நாளில் அவரே வென்றுவிடுகிறார். திட்டியவர்கள் எல்லாம் யாருக்கு வாக்களித்தார்கள்?

ஆளுக்கொருவருக்கு வாக்களித்தார்கள் என்பதுதான் விடை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளர்கள் 30 தொகுதிகளில் பிரிந்திருக்கிறார்கள். சராசரியாக முப்பத்து மூவாயிரம் பேர் கொண்ட ஒரு தொகுதியில் மூன்று நான்கு பேர் வலுவாகப் போட்டியிட்டால், பத்து, பன்னிரண்டாயிரம் வாக்குகள் வாங்கியவரே சட்டமன்றத்துக்குப் போய்விடலாம். எதிர்ப்பவர்களே பெரும்பான்மை என்றாலும், அந்த எதிர்ப்பு சிதறிக் கிடக்கும் வரையில் அவருக்குச் சேதமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 1991 தேர்தலில் தி.மு.க. 2 இடங்களில் மட்டுமே வென்றது. ஆனால் அதன் வாக்கு 22 விழுக்காட்டுக்கும் மேல். 1996 இல் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4 இடங்கள்; முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார்; அப்போதும் ஏறத்தாழ 21 விழுக்காட்டினர் அந்தக் கட்சிக்கே வாக்களித்தார்கள். பேரலை அடித்த தேர்தலிலும் ஐந்து பேரில் ஒருவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த ஒருவர் இருந்ததால்தான் 1996 இல் தி.மு.க.வும் 2001 இல் அ.தி.மு.க.வும் மறுபடி ஆட்சிக்கு வர முடிந்தது.

பாகூர் வாசகி: என் அப்பா விவசாயி. கட்சியால் அவருக்கு ஒரு பயனும் கிடைத்ததில்லை, தலைவர் மீது கோபமும் நிறைய உண்டு. ஆனாலும் சின்னத்தை மாற்றிக் குத்த மாட்டேன் என்கிறார். இது பிடிவாதம்தானே?

பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கட்சிப் பற்று பெரும்பாலும் வீட்டிலிருந்து வருவது, மதத்தைப் போல இளமையிலேயே ஒட்டிக்கொள்வது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960 இலேயே எழுதினார்கள். தெருமுனையில் கொடிக்கம்பம் நட்டு, தலைவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, கட்சிப் பிரமுகர் தலைமையில் திருமணம் செய்து வாழ்ந்த நமக்கு இதை அமெரிக்கர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உளவியல் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் நம்பிக்கைக்கும் கண்ணெதிரே நடப்பதற்கும் முரண் ஏற்படும்போது மனம் படும் அவதியை லியோன் ஃபெஸ்டிங்கர் 1957 இல் விளக்கினார். நீண்ட காலம் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தவர் ‘இவர் தவறான ஆள்’ என்று ஒப்புக்கொண்டால், இத்தனை ஆண்டுகள் தாம் அண்ணன் தம்பிகளோடும் அண்டை வீட்டாரோடும் போட்ட சண்டையெல்லாம் வீண் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதைவிட எளிய வழியை மனம் கண்டுபிடிக்கிறது: ‘தலைவர் நல்லவர்தான், கூட இருப்பவர்கள்தான் சரியில்லை.’ இந்த வாக்கியம் காப்பாற்றிய தலைவர்கள் நம் நாட்டில் ஏராளம்.

உங்கள் அப்பாவின் கோபம் பொய்யன்று. அவரைப் போன்றவர்கள் கோபம் முற்றினால் எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பதில்லை. வாக்குச்சாவடிக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள்.

முதலியார்பேட்டை வாசகர்: இத்தனை விளக்கம் எதற்கு? பணம் வாங்கிக்கொண்டு வாக்களிக்கிறார்கள், அவ்வளவுதானே?

பணம் புழங்குவது உண்மை. ஆனால் எல்லாத் தரப்பும் பணம் கொடுக்கும் தொகுதியிலும் ஒருவர்தானே வெல்கிறார்? இரு பக்கமும் வாங்கிக்கொண்டு தம் விருப்பப்படி வாக்களிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பணம் கொடுக்காதவர் தோற்கக்கூடும். கொடுத்ததனாலேயே யாரும் வென்றதாக எனக்குத் தோன்றவில்லை.

கடலூர் முதுநகர் வாசகர்: ‘தானே’ புயலின்போது எங்கள் பகுதிக்கு முதலில் வந்த அரசியல்வாதியின் மீது பின்னாளில் பல ஊழல் புகார்கள் எழுந்தன. ஆனாலும் எங்கள் மக்கள் அவரை விடவில்லை. இதை நன்றி என்பதா, அறியாமை என்பதா?

இரண்டும் இல்லை, அது ஒரு கணக்கு என்பேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலில் கூரையையோ முந்திரித் தோப்பையோ இழந்தவர், அடுத்த புயலும் வரும் என்று அறிந்தவர். அவருக்குத் தேவை, நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கும் ஓர் ஆள். முதியோர் உதவித்தொகைக்குக் கையெழுத்து, அரசு மருத்துவமனையில் படுக்கை, காவல் நிலையத்தில் ஒரு சொல், துக்க வீட்டுக்கு ஒரு மாலை என்று எல்லாவற்றுக்கும் அலுவலகத்தில் அலைய வேண்டிய இடத்தில், அலைச்சலைக் குறைப்பவரின் ஊழலை மக்கள் அறியாமல் இல்லை. அறிந்தே, அதற்கு ஈடாகத் தமக்குக் கிடைப்பதை எடைபோடுகிறார்கள்.

புதுச்சேரியில் இது இன்னும் அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1968 க்குப் பிறகு 2006 இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011 இல் முடிந்தபின் மறு தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. கவுன்சிலர் இல்லாத ஊரில் சாக்கடை அடைப்பும் தெருவிளக்கும் ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் அட்டையும் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்கே போகின்றன. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் வார்டு உறுப்பினரின் வேலையைப் பார்க்கும்போது, அவரை மாநில அளவிலான கொள்கையை வைத்து மக்கள் எப்படி மதிப்பிடுவார்கள்? 2021 தேர்தலில் 6 சுயேச்சைகள் வென்றதும் இந்த நேரடிப் பழக்கத்தின் வலிமையால்தான் என்பது என் கணிப்பு.

தனிமனிதப் பற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 2008 இல் சொந்தக் கட்சியினரின் புகார்களால் முதலமைச்சர் பதவியை இழந்த ரங்கசாமி, 2011 தேர்தலுக்குச் சற்று முன்பு புதுக்கட்சி தொடங்கி 15 இடங்களில் வென்றார். அதே ரங்கசாமி 2021 இல் தட்டாஞ்சாவடியில் வென்று, ஆந்திரத்தின் நடுவே கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் தொகுதியில் ஒரு சுயேச்சையிடம் சில நூறு வாக்குகளில் தோற்றார். தலைவர் ஒருவரே, ஆட்சிச் சாதனையும் ஒன்றே. ஆனால் கோதாவரிக் கரை வாக்காளருக்கு அவரோடு வாசல் பழக்கம் இல்லை.

காரைக்கால் வாசகர்: எந்தக் குறை சொன்னாலும் ‘துணைநிலை ஆளுநர் விடவில்லை’ என்கிறார்கள். இந்தச் சாக்கு எடுபடுகிறதா?

ஓரளவு எடுபடும், ஏனென்றால் அதில் உண்மையும் கலந்திருக்கிறது. யூனியன் பிரதேசத்தில் அதிகாரம் பிரிந்து கிடப்பதால் பழியையும் பிரித்துக்கொள்ள முடிகிறது. இலவச அரிசியா, அதற்கு ஈடான பணமா என்று அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதலமைச்சர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசுக்கும் நடந்த மோதலும், 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் முன்பு தர்ணா இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆதரவாளர்களுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு இல்லை: 2016 இல் 15 இடங்களில் வென்ற காங்கிரஸ் 2021 இல் 2 இடங்களுக்குச் சுருங்கியது. சாக்கு, இருக்கும் ஆதரவைத் தக்கவைக்கும். புதிதாக ஒருவரையும் சேர்க்காது.

நெய்வேலி வாசகர்: கைது, வழக்கு என்று வந்தபிறகும் ஆதரவு கூடுவதைப் பார்க்கிறோமே?

வழக்கைத் தொடுப்பவர் அரசியல் எதிரி என்று தெரிந்தால், குற்றத்தைவிடப் பழிவாங்கலே கண்ணில் படுகிறது. 1977 இல் தம் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்ற இந்திரா காந்தியை அந்த ஆண்டு அக்டோபரில் கைது செய்து மறுநாளே விட நேர்ந்தது. 1978 நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்றார். 1980 ஜனவரியில் 353 இடங்களோடு திரும்பினார். ஜனதா ஆட்சியின் உட்பூசலும் அவருக்கு உதவியது என்பதை மறக்கக் கூடாது. தலைவரை மக்கள் தனியாக நிறுத்தி மதிப்பிடுவதில்லை. எதிரே நிற்பவரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள்.

வில்லியனூர் வாசகி: யாரையும் பிடிக்காவிட்டால் நோட்டா இருக்கிறதே?

இருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரியில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் அதை அழுத்தினார்கள். நோட்டா எத்தனை வாங்கினாலும் வேட்பாளர்களில் முதலில் வருபவரே வெல்வார் என்பதால், அலுத்துப்போன வாக்காளருக்கும் அது ஈர்ப்பாக இல்லை.

ரெட்டியார்பாளையம் வாசகர்: என் மைத்துனர் இத்தகைய ஒரு தலைவரின் தீவிர ஆதரவாளர். தீபாவளிக்கு வந்தாலே சண்டை. அவரிடம் எப்படிப் பேசுவது?

தலைவரைப் பற்றிப் பேசாதீர்கள். ‘அவரை நம்புகிறவன் முட்டாள்’ என்ற தொனி லேசாக வந்தாலும் அவர் தலைவருக்காக அல்ல, தமக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். அதன்பிறகு நீங்கள் காட்டும் சான்றெல்லாம் அவமதிப்பாகவே தெரியும். உங்கள் தெருவில் மழைநீர் தேங்குவது, மகளுக்கு வேலை கிடைக்காதது போன்றவற்றைப் பேசுங்கள். அதே கட்சியில் இந்த வேலைகளைச் செய்யக்கூடிய வேறு யாரை அவர் மதிக்கிறார் என்று கேளுங்கள். கட்சியை விடச் சொல்வதைவிட, கட்சிக்குள் ஆளை மாற்றுவதைப் பற்றிப் பேசுவது அவருக்கு எளிது. அந்தப் பெயரை அவரே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.