மில் குடியிருப்பில் இருந்த பாப்டிஸ்ட் சபைகள் ஏன் இடம் மாறுகின்றன?

அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களை வைத்தே சொல்கிறேன். அங்கே பஞ்சாலை முதலாளிகள் ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வீடு, கடை, பள்ளி எல்லாம் கட்டினார்கள். பல இடங்களில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக்கு நிலம் தந்ததும், போதகர் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் ஆலைதான். உறுப்பினர்கள் நடந்தே வந்தார்கள். கார் நிறுத்த இடம் விடவேண்டும் என்ற யோசனையே அப்போது எழவில்லை.

1930களிலிருந்து ஆலைகள் அந்த வீடுகளை விற்கத் தொடங்கின. கார் வாங்கியவர்கள் புறநகருக்குப் போனார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சட்டம் வரும்வரை ஆலையின் உற்பத்தி வேலைகள் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே கிடைத்தன, சபைகளும் அப்படியே இருந்தன. அக்கம்பக்கத்தில் கறுப்பின மக்கள் குடியேறியபோது வெளியேறிய சபைகளும் உண்டு.

அப்புறம் ஆலைகளே மூடின. 2003 ஜூலையில் பில்லோடெக்ஸ் என்ற ஜவுளி நிறுவனம் மூடியபோது வட கரோலினாவின் கன்னாபொலிஸ் பகுதியில் மட்டும் 4,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அதே மாநிலத்தில் காஸ்டோனியா நகரின் பழைய லோரே பஞ்சாலையில் இன்று அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன.

சரி, சபை எப்படிச் சட்டென்று நகர முடிகிறது? பாப்டிஸ்ட் முறையில் மேலிருந்து உத்தரவிடும் பேராயர் கிடையாது. கட்டடம் பொதுவாக அந்தச் சபைக்கே சொந்தம். உறுப்பினர்கள் வாக்களித்தால் விற்கலாம், நெடுஞ்சாலை ஓரம் நிலம் வாங்கலாம். பிழைக்க அது வழிதான். ஆனால் கார் இல்லாமல் பழைய தெருவிலேயே தங்கிவிட்ட முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் அது பெரிய இழப்பு என்பது என் எண்ணம். நகரும் சபை அவர்களுக்காக ஒரு வண்டியாவது ஓட்டவேண்டும். பழைய கட்டடத்தைப் பல ஊர்களில் கறுப்பின அல்லது ஸ்பானிஷ் மொழிச் சபைகள் வாங்கி, வழிபாட்டைத் தொடர்கின்றன.