பிள்ளை இல்லாதவருக்கு மைதானத்தில் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,
ஞாயிறு காலைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். என் மகனும் அதில் ஆடுகிறான். அவனையே முன்னால் நிறுத்துகிறேன் என்று மற்ற பெற்றோர் பேசுகிறார்கள். என்னோடு பழைய ஆட்டக்காரர் ஒருவரும் வருகிறார். திருமணமாகாதவர். "பிள்ளை இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை?" என்று அவரைக் கேட்கிறார்கள். நான் விலகிவிடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் விலக வேண்டாம். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதை மட்டும் அந்த நண்பர் முடிவு செய்யட்டும். மகனையே முன்னால் நிறுத்துகிறீர்கள் என்ற புகார் தானே அடங்கிவிடும்.

ஆனால் அவரைக் கேட்ட அந்தக் கேள்வி இருக்கிறதே, அதைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் கபடி சொல்லிக்கொடுத்த அண்ணன் தறிப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்து நேரே களத்துக்கு வருவார், புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். முதலில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைக் கையால் துழாவிக் கல்லும் முள்ளும் பொறுக்குவார். பிறகு தண்ணீர் தெளிப்பார். அதுவரை எங்களை உள்ளே விடமாட்டார். "பாடி வர்றவன் கண்ணப் பாக்காதடா, இடுப்பப் பாரு" என்பார். கண் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. ஒருநாள் பெரியவர்கள் இரண்டு பேர் எங்கள் முன்னாலேயே அவரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வரவுமில்லை. அடுத்த பொங்கலுக்கு எங்கள் ஊருக்கு அணியே இல்லை. கேட்ட இருவரில் ஒருவரும் களத்துக்கு வந்து ஒரு கல் பொறுக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையே கேட்கிறேன். மகன் பத்தாம் வகுப்புக்குப் போய் டியூஷனில் சேர்ந்த பிறகும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்கள் மைதானத்துக்கு வருவீர்களா? பெரும்பாலான அப்பாக்கள் வருவதில்லை. பிள்ளை நின்றால் அவர்களும் நின்றுவிடுகிறார்கள். அடுத்த வரிசைப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அந்தத் திருமணமாகாத மனிதர்தான். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நடராஜனைச் சென்னைக்குக் கூட்டிவந்த ஜெயபிரகாஷ் அவருக்கு அப்பா அல்ல, ஊர்க்காரர். நடராஜன் 'ஜேபி நட்டு' என்று சட்டை முதுகில் எழுதிக்கொண்டு ஐபிஎல் ஆடினார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று ஜெயபிரகாஷை யாராவது விரட்டியிருந்தால்?

பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்துகொள்வார்களோ என்ற பெற்றோரின் பயம் பொய்யில்லை. பயப்படத்தான் வேண்டும். ஆனால் கல்யாணப் பத்திரிகை நன்னடத்தைச் சான்றிதழ் ஆகாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் செய்தவர் உறவினர் என்றால் தண்டனையைக் கூட்டுகிறது. ஏன் என்று யோசியுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தனியாக வண்டியில் ஏற்றிப் போகக் கூடாது, பிள்ளையின் போனுக்கு நேராகச் செய்தி அனுப்பக் கூடாது. இந்த விதி அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். அவரை மட்டும் நிறுத்தி விசாரித்தால் அது பாதுகாப்பு இல்லை, அவமானம்.

இந்த ஞாயிறிலிருந்து முறை வைத்து இரண்டு பெற்றோர் ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் இருக்கட்டும். முதல் வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களே வரட்டும். வரும்போது தண்ணீர் கேனையும் அவர்களே தூக்கி வரட்டும்.