நூறு வருடப் பழைய மௌனப்பட நகைச்சுவை இன்றும் சிரிக்க வைப்பது எப்படி?

வசனமே இல்லாத அந்தக் கருப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து இந்தக் காலத்தில் சிரிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வருகிறது, வயிறு வலிக்கும் அளவுக்கு. திரையில் பார்ப்பது அந்த நடிகருக்கு நிஜமாகவே நடந்தது என்பதுதான் முக்கியக் காரணம்.

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு புயல் காட்சி. ஒரு வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி தெருவில் கிறுகிறுத்துப்போய் நிற்கிறார். வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. அந்த ஓட்டைக்கு நேராக அவர் நிற்க, சுவர் தரையில் விழுந்து புழுதி கிளம்புகிறது. மனிதர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்! வெட்டே இல்லாத ஒரே ஷாட். சுமார் 2 டன் எடை என்று சொல்லப்படும் சுவர்; உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் அவ்வளவுதான். சுவர் விழும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும். அடுத்து அவர் திரும்பிப் பார்த்துவிட்டு எடுக்கிறார் பாருங்கள் ஓட்டம், அங்கேதான் சிரிப்பு பீறிடும்.

குழந்தையாக இருந்தபோதே மேடையில் அப்பா தூக்கி எறிய எறிய, அடிபடாமல் விழக் கற்றவர் கீட்டன். அப்படியும் 'ஷெர்லக் ஜூனியர்' (1924) எடுத்தபோது ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

அப்புறம் அதே காலத்து இன்னொரு நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாய்ட். 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவாரே, அவரேதான். 1919இல் ஒரு வெடிவிபத்தில் வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போய்விட்டன. அதை மறைக்கக் கையுறை மாட்டிக்கொண்டுதான் நடித்தார். மொட்டைமாடியில் செட் போட்டு, கீழே மெத்தை விரித்து எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அப்போது கேமராவைக் கையால் சுற்றி, பெரும்பாலும் இன்றையதைவிட மெதுவான வேகத்தில் படமெடுத்தார்கள். பல படங்களை இன்றைய வேகத்தில், அதாவது நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படங்கள்) என்று ஓட்டினால் ஆட்கள் எறும்பு மாதிரி பரபரப்பார்கள். அப்படிப் பார்த்துவிட்டு இது வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்கியவர்கள் நிறைய. வேகத்தைச் சரிசெய்து புதுப்பித்த பிரதியைத் தேடிப் பாருங்கள்.

கீட்டனின் 'ஒன் வீக்' (1920) என்ற குறும்படத்திலிருந்து தொடங்கலாம். புதுமணத் தம்பதி பெட்டிகளில் பாகம் பாகமாக வந்த வீட்டைத் தாங்களே பொருத்திக் கட்டுவார்கள்; பெட்டியின் எண்களை ஒருவன் மாற்றிவிடுவான். என் ஏழு வயது மகனுக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, அவருக்கு நெஜமாவே அடிபடலையா?" என்றான். அப்புறம் முதலிலிருந்து போடச் சொன்னான்.