ஓட்டுப் போடாதவருக்கு ரேஷன் எதற்கு?

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எனக்கு. வேலை துபாயில். விடுமுறையில் வந்திருந்தபோது ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முதல்முறையாகப் போனேன். முப்பது பேர்கூட இல்லை. தனி அலுவலர் வந்தார், தீர்மானங்களை மடமடவென்று வாசித்தார்கள், டீ கொடுத்தார்கள், முடிந்தது. கையெழுத்து நோட்டு மட்டும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்வந்தது. இதே ஜனம்தான் தேர்தலில் காசு வாங்குகிறது, கடலில் ரெண்டு படகு கட்டி, தடை செய்த ரெட்டைமடி வலையை இழுக்கிறது, அப்புறம் உரிமை உரிமை என்று மறியல் செய்கிறது. கடமையைச் செய்யாதவனுக்கு உரிமை எதற்கு? ஓட்டுப் போடாதவர்களின் ரேஷன் கார்டை ரத்து செய்தால் எல்லாம் வழிக்கு வரும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் சட்டம் வந்தால் முதலில் ரத்தாவது உங்கள் கார்டாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊரிலேயே வாக்காளராகலாம். ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், தபால் ஓட்டு கிடையாது. டிக்கெட் போட்டு வருவீர்களா? உங்களுக்கு அடுத்து மாட்டுபவர்கள் கடலில் இருப்பவர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் நம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6, அந்த வசதி இல்லை. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாய ஓட்டு என்று சட்டமே போட்டார்கள். 2015-இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

கடமை முதலில், உரிமை பிறகு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தில் அடிப்படைக் கடமைகள் நுழைந்தது 1976-இல், 42-ஆவது திருத்தத்தில். நெருக்கடி நிலைக் காலம். பேச்சுரிமை முடங்கி, ஆட்கொணர்வு மனுகூட எடுபடாமல் கிடந்த சமயம் பார்த்து மக்களுக்குக் கடமைகளை எழுதிக் கொடுத்தார்கள். அன்று பத்து, 2002-இல் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் சேர்ந்து பதினொன்று. அந்தப் பட்டியலில் ஓட்டுப் போடுவது இல்லை என்பது வேறு விஷயம். அதிகாரத்தில் இருப்பவர் மக்களின் கடமையைப் பற்றி ரொம்பப் பேசினால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்தெடுப்பவர்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் போய்வந்த தீவுப்பக்கம் போனாலே வனத்துறையினர் பிடித்தார்கள். பாசியைப் பறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் சங்கமாகக் கூடினார்கள், அதிகாரிகளோடு வாதாடினார்கள், அடையாள அட்டை வாங்கினார்கள். அதோடு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். சுரண்டுவதற்கு இரும்பு கூடாது. மாதத்தில் 12 நாள்தான் பாசி. தடைக்காலத்தில் கடலில் இறங்குவதே இல்லை. அந்த நாட்களில் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்டால் கஷ்டம்தான் என்பார்கள். 2015-இல் அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தரும் விருது கிடைத்தது. அந்தக் கட்டுப்பாடு எந்தச் சட்டப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. இந்தக் கடலில் எங்களுக்குப் பங்கு உண்டு என்று நின்றவர்களால்தான், இத்தனை நாள் போதும் என்று தங்களுக்குள்ளே சொல்லிக்கொள்ள முடிந்தது.

ரெட்டைமடியில் நான் முழுக்க உங்கள் பக்கம். 1983 சட்டப்படி கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு உரியது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று நாள் பிரித்ததும் அடித்துக்கொண்டு, பேசி, தீர்த்துக்கொண்ட ஏற்பாடு. ராத்திரியில் கரையோரம் மடி இழுத்து நாட்டுப்படகுக்காரரின் வழிவலையை அறுத்துவிட்டுப் போகிற முதலாளியே, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த மறுநாள் மறியலில் முதல் வரிசையில் நிற்பார். மறியல் நியாயம்தான், இலங்கைச் சிறையில் கிடப்பவன் கூலிக்குப் போன பையன். ஆனால் அங்கே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நம் விசைப்படகுகளால் வலை அறுபட்டவர்களும் தமிழ் மீனவர்கள்தான். அவர்களுக்கு ராமநாதபுரத்தில் ஓட்டு இல்லை, அதனால் அவர்கள் பெயரை எந்தக் கட்சி மேடையும் எடுப்பதில்லை. காசுக்கு ஓட்டு பற்றி நீங்கள் சொன்னது சரி. கொடுப்பவரையும் சேர்த்துத் திட்டியிருந்தால் இன்னும் சரி.

கிராம சபைக்கு வருவோம். ஜனம் ஏன் வரவில்லை என்று கேட்ட நீங்கள், தலைவர் ஏன் இல்லை என்று கேட்கவில்லை. 2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது, தலைவருக்குப் பதில் ஊராட்சியை நடத்தத் தனி அலுவலர் வந்தார். காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் காலம் முடிந்தபோதும் மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தார்கள். இதற்கு யாருடைய ரேஷன் கார்டை ரத்து செய்வது?

முப்பது பேர் என்றீர்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது 100 பேர் வர வேண்டும், அதைத் தாண்டி 10,000 வரை 200, அதற்கும் மேல் 300. நோட்டு ஏன் வேலைத்தளத்துக்குப் போனது என்று இப்போது புரிந்திருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, ஆகஸ்ட் 15 தீர்மானங்களின் நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த சபை அக்டோபர் 2, அது தவறினால் நவம்பர் 1. நீங்கள் துபாயில் இருந்தாலும் வீட்டில் ஊராட்சி வாக்காளர் ஒருவராவது இருப்பார், அவரும் சபை உறுப்பினர்தான். நகலைக் கையில் கொடுத்து, முதல் தீர்மானம் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.