அப்பா எடுத்துவைத்த விதை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன், வயது 46. என் அப்பா காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டத்தால் 1960களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியை விட்டு வெளியேற நேர்ந்தபோது, எங்கள் பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த செண்டுமல்லி விதையை அப்பா வழிவழியாகக் காத்துவந்தார். புரட்டாசி விரதம் முடிந்ததும் விதைப்பார்; தைப்பூசக் காவடிக்கு எங்கள் வீட்டுப் பூ போகும்.

சென்ற ஆண்டு நானே விதைத்தேன்; நன்றாகப் பூத்தது. ஆனால் துக்க ஆண்டு என்பதால் கோயிலுக்குக் கொடுக்கவில்லை, பறிக்கவும் மனம் வரவில்லை. மழையில் செடியிலேயே எல்லாம் அழுகிவிட்டன. ஒரு விதைகூட எடுக்கவில்லை. இப்போது மிஞ்சியிருப்பது, அப்பா தம் கையால் எடுத்துத் தகர டப்பாவில் வைத்து, மேலே ஒட்டிய தாளில் பென்சிலால் ஆண்டு குறித்த ஒரு பிடி விதைதான். தினமும் திறந்து பார்த்து மூடுகிறேன். விதைத்து முளைக்காமற்போனால் அப்பாவை மறுபடியும் பறிகொடுத்தது போலாகிவிடும் என்று அஞ்சுகிறேன். “நர்சரியில் நாற்று வாங்கி வை அக்கா, எல்லாம் ஒரே பூதானே” என்று தம்பி சொன்னதிலிருந்து அவனோடு பேச்சே குறைந்துவிட்டது. வேலைக்குப் போகிறேன், வீட்டையும் பார்த்துக்கொள்கிறேன். பாத்தி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. நான் என்ன செய்வது?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அழுகிப்போன பூக்களுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்பா இறந்த சில மாதங்களிலேயே அவருடைய பாத்தியில் விதைத்து, நீரூற்றிப் பூக்கவைத்த ஒரு மகள், அந்தப் பூவைப் பறிக்க முடியாமல் நின்றதை அலட்சியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

துக்கம் என்றால் இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல விடுவித்துக்கொள்ளும் வேலை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1917இல் எழுதினார். அந்தக் கருத்தே நெடுங்காலம் ஆலோசனை அறைகளை ஆண்டது. ஆனால் அவரே 1929இல், மகளை இழந்த ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இழந்தவருக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். 1996இல் துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸும் அவருடைய சகாக்களும், இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என்று விரிவாக எடுத்துக்காட்டினார்கள். ஆகவே பூவை மறக்கும்படி நான் சொல்லப்போவதில்லை. துக்கம் அன்றாட வாழ்வையே முடக்கினால் நேரில் ஒருவரைப் பார்ப்பது அவசியம்; உங்கள் கடிதத்தில் எனக்கு அது தெரியவில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த மூடிய டப்பாதான். செண்டுமல்லி விதையின் முளைப்புத்திறன் ஆண்டுக்கு ஆண்டு குறையும். நீங்கள் அஞ்சும் இழப்பு, விதைக்காமல் வைத்திருப்பதால்தான் நிச்சயமாக நேரும். இந்த வாரமே பத்து விதைகளை மட்டும் எடுங்கள். ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி வைக்கோல் நிறமாகவும், சிறு தூரிகை போல இருக்கும் அந்த விதைகளை ஈரத்துணியில் மடித்து, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். உயிருள்ளவை ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெள்ளை வேர் நீட்டும். எத்தனை முளைக்கின்றன என்று பார்த்துவிட்டு, புரட்டாசி முடிந்ததும் பாதியை விதையுங்கள். மீதி டப்பாவிலேயே அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேனீக்கள் அக்கம்பக்கத்து மகரந்தத்தையும் கொண்டுவருவதால், பாட்டி கொண்டுவந்த பூவும் அப்பா கடைசியாக வளர்த்த பூவும் அச்சு அசலாக ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வோர் ஆண்டும் நல்ல பூவாகப் பார்த்து விதைக்கு விட்ட அப்பாவின் கண்தான் அந்த வழியைக் காத்தது. அவர் பக்கத்தில் வளர்ந்த உங்களுக்கும் அந்தக் கண் இருக்கும். இந்தச் செடியின் பூர்வீகமான மெக்சிகோவில், நவம்பர் முதலிரண்டு நாள்களில், இறந்தோர் வீடு திரும்ப வழிகாட்டுவதற்கென்று இதே பூவைப் பரப்புகிறார்கள் என்பதையும் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

தம்பியின் சொல் உங்களைக் காயப்படுத்தியது நியாயமே. ஆயினும் அவரும் தகப்பனை இழந்தவர். அக்கா தினமும் டப்பாவைத் திறந்து கலங்குவதைப் பார்க்கச் சகிக்காமல்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம். வேர்விட்ட விதையை அவரிடம் காட்டி, பாத்தியைக் கொத்தித் தரச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்குப் பூக் கொடுக்கும்போது நல்ல பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே விட்டுவையுங்கள். அவை காய்ந்து பழுப்பேறியதும், மழையில்லாத நாளாகப் பார்த்துப் பறித்து நிழலில் உலர்த்துங்கள். புது விதையைத் தனி டப்பாவில் போட்டு, தாளில் பென்சிலால் ஆண்டு குறியுங்கள்.